புளூகிராஸ் மாண்டலின் கற்க எந்த நூல், எந்த வீடியோ, எந்த வகுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க நாட்டுப்புற இசைவழி வந்த புளூகிராஸ் பாணியில் மாண்டலின் கற்க விரும்புகிறவருக்கு இன்று பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை. நூல்கள், வீடியோ பாடங்கள், மாதச் சந்தா வகுப்புகள், செயலிகள் என்று குவிந்து கிடக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் சிக்கல். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலது கையையும் காதையும் பழக்குகிற பாடமே நல்ல பாடம். அதில் எத்தனை மெட்டுகள் அடங்கியிருக்கின்றன என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பொதுவான மாண்டலின் நூல் போதாதா? புளூகிராஸுக்கென்று தனிப் பாடம் எதற்கு?

கருவி ஒன்றுதான். நான்கு இணைகளாக எட்டுத் தந்திகள், வயலினைப் போலவே ஜி, டி, ஏ, இ என்ற சுருதி. இத்தாலிய இசைக்கும் ஐரிஷ் நடன மெட்டுகளுக்கும் பிரேசிலின் ஷோரோவுக்கும் இதே கருவிதான். ஆனால் புளூகிராஸில் அதற்குக் கொடுத்திருக்கும் வேலை வேறு.

கென்டக்கி மாநிலத்தின் ரோசைன் என்ற சிற்றூரில் 1911இல் பிறந்த பில் மன்றோ, 1939இல் கிராண்ட் ஓல் ஓப்ரி வானொலி மேடையில் இடம்பிடித்தார். அவருடைய குழுவின் பெயர் புளூ கிராஸ் பாய்ஸ். அந்தப் பெயரே பின்னாளில் இசைக்கும் பெயராகிவிட்டது. 1945 இறுதியில் பாஞ்சோ கலைஞர் எர்ல் ஸ்க்ரக்ஸ் சேர்ந்ததும் இன்று நாம் புளூகிராஸ் என்று அறிகிற ஒலி உருப்பெற்றது. அந்தக் குழுவில் டிரம் கிடையாது. நான்கு தட்டுத் தாளத்தில், கனத்த கீழ்ச்சுருதிக் கருவியான பேஸ் முதல் தட்டிலும் மூன்றாம் தட்டிலும் ஒலிக்கும். இரண்டாம், நான்காம் தட்டுகளில் மாண்டலின் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களை) அடித்து உடனே அடக்கிவிடும். ஸ்னேர் டிரம்மின் வேலையை அதுதான் செய்கிறது. இதற்குச் சாப் என்று பெயர்.

ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் ஜாமில் உங்கள் தனி வாசிப்பு ஒரு சுற்று வரும். மற்ற நேரமெல்லாம் நீங்கள் சாப் அடித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். ஒரே ஸ்வரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப அடிக்கும் ட்ரெமோலோவையும், விரல் வைக்காத திறந்த தந்திகள் சேர்ந்த கார்டுகளையும் மட்டும் சொல்லித்தரும் பொது நூலை முடித்தவர் அந்த வட்டத்தில் கைகட்டி உட்கார வேண்டியதுதான். ஆகவே ஒரு நூலைக் கையில் எடுத்தால், முதலில் சாப்புக்கு எத்தனை பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சாப் அடிப்பதை நூலைப் படித்துக் கற்க முடியுமா?

விரல் வைக்கும் இடத்தை நூலிலிருந்து கற்கலாம். ஒலியைக் கேட்டுத்தான் கற்க வேண்டும்.

பெரும்பாலான நூல்கள் நான்கு விரல் ஜி கார்டிலிருந்து தொடங்கும். ஜி தந்தியில் ஏழாம் ஃபிரெட் (கழுத்திலுள்ள குறுக்குக் கம்பி), டி தந்தியில் ஐந்தாம் ஃபிரெட், ஏ தந்தியில் இரண்டாம் ஃபிரெட், இ தந்தியில் மூன்றாம் ஃபிரெட். சுண்டு விரல் ஏழாம் ஃபிரெட்டுக்கு எட்டாமல் வலிக்கும். பலர் கருவியை மூலையில் சாத்துவது இந்த இடத்தில்தான். நல்ல ஆசிரியர் முதல் மாதத்தில் சுண்டு விரலை விட்டுவிடச் சொல்வார். டி, ஏ, இ தந்திகளில் 5, 2, 3 என்று மூன்று விரல்களை வையுங்கள். ஜி கார்ட் வந்துவிடும். விரல்களின் அமைப்பை மாற்றாமல் அப்படியே ஒரு தந்தி தடித்த பக்கம் தள்ளி, ஜி, டி, ஏ தந்திகளில் 5, 2, 3 என்று வைத்தால் சி கார்ட். அதை இரண்டு ஃபிரெட் மேலே நகர்த்தி 7, 4, 5 ஆக்கினால் டி கார்ட். ஜி சுருதியில் பாடப்படும் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மூன்று கார்டுகளே போதும்.

அடுத்தது ஒலி. பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) தந்தியைத் தொட்ட மறுகணமே இடது கை விரல்களின் அழுத்தத்தைத் தளர்த்த வேண்டும், ஆனால் விரல்கள் தந்தியை விட்டு எழக் கூடாது. எழுந்தால் தந்திகள் தொடர்ந்து அதிரும். அழுத்தம் தளரத் தாமதமானால் கார்ட் நீளும். முன்கூட்டியே தளர்ந்தால் சுருதியே இல்லாத வெறும் சத்தம்தான் மிஞ்சும். இந்த நுட்பத்தை ஆசிரியரின் இடது கையை அருகில் காட்டும் வீடியோவில் ஒரு முறை பார்த்தால் விளங்கிவிடும். வலது கையை மட்டும் காட்டிவிட்டுப் போகும் சாப் பாடத்தை ஒதுக்கிவிடலாம்.

நூலா, வீடியோவா, ஆசிரியரா?

பக்கத்தில் புளூகிராஸ் வாசிக்கத் தெரிந்த ஆசிரியர் இருந்தால் வேறெதையும் யோசிக்க வேண்டாம், அவரிடம் போங்கள். மணிக்கட்டு இறுகியிருப்பதையும் பிக்கை நெருக்கிப் பிடித்திருப்பதையும் நூல் கண்டுபிடித்துச் சொல்லாது.

ஆசிரியர் கிடைக்காதவருக்கு அடுத்த நல்ல வழி, நீங்கள் வாசிப்பதைப் பதிவு செய்து அனுப்பினால் பார்த்துப் பதில் சொல்லும் இணைய வகுப்பு. ஆர்டிஸ்ட்வொர்க்ஸ் தளத்தில் மைக் மார்ஷல் நடத்தும் வகுப்பு இந்த முறையில் அமைந்தது. பெக்ஹெட் நேஷன் தளத்தில் ஷாரன் கில்கிறிஸ்ட், மைக் காம்ப்டன் போன்றோர் பாடம் எடுக்கிறார்கள். மன்றோவின் வாசிப்பு முறைக்கென்றே தனியாகக் கற்க விரும்புகிறவருக்கு காம்ப்டனைவிடப் பொருத்தமான ஆசிரியரை என்னால் சொல்ல முடியவில்லை. நேரலையில் ஆசிரியரோடு சேர்ந்து வாசிக்கலாம் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். இணையத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வந்து சேர்வதால் தாளம் ஒட்டாது. அவர் வாசிக்க, நீங்கள் கேட்டு, பிறகு நீங்கள் வாசிக்க அவர் கேட்பது என்றுதான் அந்த வகுப்பு நடக்கும்.

நூலின் பலம் வேறு. அது ஒழுங்காக, படிப்படியாக அழைத்துப் போகும். மேசையில் திறந்தே கிடக்கும், விளம்பரம் குறுக்கிடாது. ஜாக் டாட்டில் 1975இல் எழுதிய நூலை இன்றும் பலர் தொடக்கநிலைக்குப் பரிந்துரைக்கிறார்கள். பழைய நூல்தான், ஆனால் மன்றோ முதல் அடுத்த தலைமுறை வரை யார் எப்படி வாசித்தார்கள் என்று பிரித்துக் காட்டி, அந்த வாசிப்பு முறைகளையே பாடமாக்குகிறது. அதே டாட்டில்தான் 1982இல் கிழக்கு டென்னசி அரசுப் பல்கலைக்கழகத்தில் புளூகிராஸ் பாடத்திட்டத்தைத் தொடங்கினார்.

ஒரு பாடத்தைக் காசு கொடுத்து வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

மாதிரிப் பக்கமோ மாதிரி வீடியோவோ இல்லாமல் விற்கும் எதையும் நான் வாங்கமாட்டேன். மாதிரி கிடைத்தால் நான் பார்ப்பவை இவை.

முதலாவது, பிக்கின் திசையைக் குறித்திருக்கிறார்களா? அரைத் தட்டு நீளும் எட்டிலொரு பங்கு ஸ்வரங்கள் தொடர்ந்து வரும் மெட்டில், தட்டின் மேல் விழுவது கீழ்நோக்கிய அடி, தட்டுக்கு இடையில் விழுவது மேல்நோக்கிய அடி. இதுதான் அடிப்படை. நடுவில் ஒரு ஸ்வரம் நீண்டாலும் கை அதே ஒழுங்கில் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒழுங்கு குலைந்தால் தாளம் தள்ளாடும். ஆறு மாதம் தவறாகப் பழகிய கையைத் திருத்த இன்னோர் ஆறு மாதம் பிடிக்கும். திசை குறிக்காத தொடக்கநிலை நூலை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இரண்டாவது, இடது கை விரல் எண்கள். மாண்டலினில் ஒவ்வொரு விரலும் பொதுவாக இரண்டு ஃபிரெட்டுகளைக் கவனிக்கும். முதல் இரண்டு ஃபிரெட்டுக்கு ஆள்காட்டி விரல், அடுத்த இரண்டுக்கு நடுவிரல், ஐந்துக்கும் ஆறுக்கும் மோதிர விரல், ஏழுக்குச் சுண்டு விரல். இதைச் சொல்லாமல் ஃபிரெட் எண்ணை மட்டும் எழுதிவிட்டால் மாணவர் தன் போக்கில் விரலை வைத்துவிடுவார்.

மூன்றாவது, ஒலிப்பதிவு. ஒவ்வொரு மெட்டும் மெதுவாக ஒரு முறை, வேகமாக ஒரு முறை, மாண்டலின் இல்லாமல் பின்னணி மட்டும் ஒரு முறை என்று இருந்தால் அருமை. ஒலிப்பதிவே இல்லாத நூலை வாங்கிப் பயனில்லை.

நான்காவது, பாட்டுகள். புளூகிராஸ் நூல்களின் பெரிய குறை, ஃபிடில் (நாட்டுப்புறப் பாணி வயலின்) மெட்டுகளாகவே நிரப்பிவிடுவது. ஜாமில் பாதிக்கும் மேல் பாட்டுதான். ஒரு பாட்டின் மெட்டை எடுத்து, அதில் இரட்டை ஸ்வரங்களைச் சேர்த்து, கார்ட் மாறும் இடத்தை ஒரு சிறு ஓட்டத்தால் இணைத்து, எப்படி ஒரு தனிச் சுற்றாக்குவது என்று காட்டும் நூல் அரிது. அது கண்ணில் பட்டால் மற்றதை விட்டுவிட்டு அதை வாங்குங்கள்.

இரட்டை ஸ்வரம் என்கிறீர்களே, அது என்ன?

அடுத்தடுத்த இரண்டு இணைகளை ஒன்றாக ஒலிக்கவிடுவதுதான் டபுள் ஸ்டாப். மேலே சொன்ன மூன்று விரல் ஜி கார்டிலேயே அது இருக்கிறது. ஏ தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டையும் இ தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டையும் மட்டும் சேர்த்து அடியுங்கள். மன்றோவின் வாசிப்பில் நெடுகக் கேட்கும் ஒலி அது. சாப் கார்டையும் இரட்டை ஸ்வரத்தையும் தனித்தனி அத்தியாயங்களாகப் பிரித்து, இரண்டுக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் போகும் நூல்கள் உண்டு. உறவைக் காட்டும் நூல் உங்கள் நேரத்தை மிச்சப்படுத்தும்.

டேப் போதுமா, மேலைநாட்டு ஸ்வரக்குறி படிக்கத் தெரிய வேண்டுமா?

தொடங்குவதற்கு டேப், அதாவது விரல் வைக்கும் இடத்தை எண்ணால் காட்டும் குறிப்பு, போதும். நான்கு கோடுகள், மேல் கோடு இ தந்தி, கோட்டின் மேலுள்ள எண் ஃபிரெட். பத்து நிமிடத்தில் படிக்கக் கற்றுவிடலாம். ஸ்வரக்குறி தெரிந்தால் ஃபிடிலுக்கு எழுதிய மெட்டுத் தொகுப்புகள் அனைத்தும் உங்களுக்குத் திறந்துவிடும், ஏனென்றால் இரு கருவிகளுக்கும் சுருதி ஒன்றே. இரண்டையும் மேலும் கீழுமாக அச்சிட்டிருக்கும் நூல் கிடைத்தால் அதை எடுங்கள்.

டேப்பில் ஒரு ஆபத்து உண்டு. கண் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும், காது தூங்கிவிடும். தாளைத் திருப்பி வைத்துவிட்டு அந்த மெட்டை வாயால் முணுமுணுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது இன்னும் மனத்தில் ஏறவில்லை.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் டேப்களை நம்பலாமா?

சில நன்றாக இருக்கின்றன, பல தப்பும் தவறுமாக இருக்கின்றன. மூல ஒலிப்பதிவோடு முதல் நான்கு அளவுகளை (தாளச் சுற்றுகளை) ஒப்பிட்டு வாசித்தாலே தரம் தெரிந்துவிடும். டேப்ல்எடிட் என்ற மென்பொருளின் கோப்பாகக் கிடைத்தால் கணினி அதை வாசித்தும் காட்டும், வேகத்தையும் குறைக்கலாம். ஆனால் கணினி வாசிப்பதைக் கேட்டு புளூகிராஸின் தாள நடையைக் கற்க முடியாது.

கிடார் தெரிந்தவருக்கு எந்தப் பாடம் ஏற்றது?

கார்ட் பற்றிய அறிவு உதவும். விரல் பழக்கம் இடைஞ்சல் செய்யும். ஒரு ஃபிரெட்டுக்கு ஒரு விரல் என்று பழகிய கை, குறுகிய மாண்டலின் கழுத்தில் நான்கு ஃபிரெட்டிலேயே அடைந்து கிடக்கும். கிடார் வாசிப்பவருக்காக என்று சொல்லும் குறுக்குவழி நூல்கள் இந்தப் பழக்கத்தை மாற்றாமல் அப்படியே விட்டுவிடுகின்றன. தொடக்கநிலை நூலையே எடுங்கள், வேகமாகக் கடந்துவிடுவீர்கள்.

இன்னொன்று காபோ, அதாவது கழுத்தில் மாட்டி எல்லாத் தந்திகளையும் அழுத்தும் கவ்வி. கிடாரும் பாஞ்சோவும் காபோ போட்டுச் சுருதியை மாற்றிக்கொள்ளும். மாண்டலின் வாசிப்பவர் காபோ போடுவதில்லை. பாடகர் பி சுருதியில் பாடத் தொடங்கினால் திறந்த தந்திகளை நம்பியிருந்தவர் திணறிப்போவார். பி, பி ஃபிளாட் எல்லாம் புளூகிராஸ் பாடகர்கள் வழக்கமாக எடுக்கும் சுருதிகள்தான். திறந்த தந்தியே இல்லாத, எங்கு வேண்டுமானாலும் நகர்த்தக்கூடிய விரல் அமைப்புகளை இரண்டாம் ஆண்டிலாவது சொல்லித்தரும் பாடம் உங்களிடம் இருக்க வேண்டும்.

வயலின் தெரிந்தவருக்கு இடது கை பாதி வேலை முடிந்ததற்குச் சமம். அவருக்கு வலது கைப் பாடம் மட்டும் போதும்.

கர்நாடக இசைப் பயிற்சி உதவுமா? மாண்டலின் ஸ்ரீநிவாஸின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

உதவும், ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் அல்ல. ஸ்ரீநிவாஸ் வாசித்தது மின் மாண்டலின். இணைகளுக்குப் பதிலாக ஒற்றைத் தந்திகள், பின்னாளில் ஐந்து தந்திகள். அந்த அமைப்பில்தான் விரல் தந்தியோடு வழுக்கிச் சென்று கமகத்தைக் கொண்டுவர முடிந்தது. இணைத் தந்தியுள்ள புளூகிராஸ் மாண்டலினில் ஸ்வரங்கள் தனித்தனியாக, பிக்கின் அடியோடு தெறித்து விழ வேண்டும். வழுக்கல் உண்டு, அது ஓரிரு ஃபிரெட்டோடு நின்றுவிடும். எல்லா ஸ்வரத்தையும் அசைக்கும் பழக்கத்தை முதலில் அடக்கிக்கொள்ளுங்கள்.

உதவுவது காதும் தாளமும். வாய்ப்பாட்டாகப் பாடிவிட்டுக் கருவியில் எடுக்கும் நம் வழக்கம் பாட்டுக்குத் தனிச் சுற்று அமைக்க மிகவும் பொருத்தமானது. மன்றோவின் இசையில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையின் சாயல் தெளிவாகத் தெரியும். இளமையில் தாய்மாமன் பென் வாண்டிவரின் ஃபிடிலுக்கும், ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரின் கிடாருக்கும் கூடவே வாசித்து வளர்ந்தவர் அவர். அந்தச் சாயலை ஸ்வரமாகச் சொன்னால், அந்தர காந்தாரம் வரவேண்டிய இடத்தில் சாதாரண காந்தாரம் எட்டிப் பார்க்கும், கைசிகி நிஷாதமும் சேர்ந்துகொள்ளும். ஜி சுருதியில் அவை பி ஃபிளாட்டும் எஃப்பும். இரண்டு காந்தாரங்களும் ஒரே வரியில் அடுத்தடுத்து வருவது இங்கே இயல்பு. மேஜர் ஸ்கேலை மட்டும் சொல்லித்தந்துவிட்டு நிறுத்தும் புளூகிராஸ் நூல் பாதியில் நின்றுவிட்ட நூல்.

யாரையெல்லாம் கேட்க வேண்டும்?

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. எந்தப் பாடத்தை வாங்கினாலும் கூடவே கேட்டாக வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

மன்றோவிலிருந்து தொடங்குங்கள். 1946, 1947 ஆண்டுகளில் ஸ்க்ரக்ஸும் கிடார் கலைஞர் லெஸ்டர் ஃபிளாட்டும் உடனிருந்தபோது கொலம்பியா நிறுவனத்துக்காகச் செய்த ஒலிப்பதிவுகள் முதலில். அடுத்தடுத்துக் கீழ்நோக்கி அடித்துக்கொண்டே போகும் அவருடைய வலது கையின் விசையை அங்கே கேட்கலாம். தட்டுக்குக் கீழ், இடையில் மேல் என்று நூல் சொன்ன விதியை அவரே மீறுகிறார். அதனால்தான் ஒலிக்கு அந்தக் கனம்.

பிறகு ஜெஸ்ஸி மெக்ரெனால்ட்ஸ். பாஞ்சோவின் உருளும் ஓசையை ஒற்றைப் பிக்கால் கொண்டுவர, மூன்று தந்திகளில் கீழ், மேல், மேல் என்று அடிக்கும் கிராஸ்பிக்கிங் முறையை வளர்த்தவர். பாபி ஆஸ்பார்ன், ஃபிடில் மெட்டுகளை ஒரு ஸ்வரமும் மங்காமல் வாசித்தவர். இருவரும் 2023இல் காலமானார்கள். கென்டக்கியின் பௌலிங் கிரீனைச் சேர்ந்த சாம் புஷ், 1971இல் உருவான நியூ கிராஸ் ரிவைவல் குழுவில் ராக் இசையின் துடிப்பை மாண்டலின் தாளத்துக்குக் கொண்டுவந்தார். சாப் எவ்வளவு வண்ணம் காட்ட முடியும் என்பதை அவரிடம் கேட்க வேண்டும். டேவிட் கிரிஸ்மன், ரிக்கி ஸ்காக்ஸ், ரானி மெக்கூரி, கிறிஸ் தீலி, சியாரா ஹல் என்று பட்டியல் நீளும்.

தீலியின் வாசிப்பைக் கேட்டு மயங்கிப்போய் அவருடைய வாசிப்பை எழுதிய டேப்போடு முதல் நாளே மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் பயனில்லை. கேளுங்கள், ரசியுங்கள், வாசிப்பதற்கு ஆஸ்பார்னை எடுங்கள்.

மன்றோவே கேமரா முன் உட்கார்ந்து வாசித்துக் காட்டியதும், சாம் புஷ் அந்த வாசிப்பைப் பிரித்து விளக்கியதும் ஹோம்ஸ்பன் நிறுவனத்தின் வீடியோவாக இருக்கிறது. வாசிக்கக் கற்றுத்தரும் பாடமாக அதைத் தொடக்கத்தில் பயன்படுத்த முடியாது. ஆனால் அந்தக் கை எப்படி அசைகிறது என்று பார்ப்பதற்காகவே அது எல்லோரிடமும் இருக்க வேண்டும்.

ஒலிப்பதிவைக் கேட்டு நானே எடுக்க எந்தக் கருவிகள் உதவும்?

யூடியூபிலேயே வேகத்தை முக்கால் பங்காகவும் பாதியாகவும் குறைக்கலாம். அதைவிடத் துல்லியமாக, ஒரு குறிப்பிட்ட இரண்டு அளவுகளை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்க அமேசிங் ஸ்லோ டவுனர், டிரான்ஸ்கிரைப் ஆகிய மென்பொருள்கள் இருக்கின்றன. சுருதியை மாற்றும் வசதியும் அவற்றில் உண்டு. அந்த வசதி இல்லாமல் பழைய ஒலிப்பதிவுகளோடு வாசிப்பது கஷ்டம், ஏனென்றால் பல பதிவுகள் இன்றைய நிலைச் சுருதிக்குச் சற்று மேலோ கீழோதான் நிற்கின்றன.

முதலில் மெட்டை மட்டும் எடுங்கள், அலங்காரங்களை விடுங்கள். கார்ட் எங்கே மாறுகிறது என்று பேஸைக் கேட்டுக் கண்டுபிடியுங்கள். நான்கு அளவுகள் பிடிபட்டாலே ஒரு நாளுக்கு அது நல்ல அறுவடை. இப்படி நீங்களே எடுத்த ஒரே ஒரு சுற்று, படித்து வாசித்த பத்து டேப்களைவிட உங்கள் கையில் நிலைத்து நிற்கும்.

மெட்ரோனோமா, பின்னணி இசையா?

இரண்டும். பின்னணிக்கு ஸ்டிரம் மெஷின் என்ற செயலியைப் பலர் பயன்படுத்துகிறார்கள். பாட்டைத் தேர்ந்தெடுத்து, சுருதியையும் வேகத்தையும் வைத்தால் கிடாரும் பேஸும் கூடவே வரும். தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை வைத்துப் பழகும்போது அதன் தட்டை இரண்டாம், நான்காம் தட்டுகளாக எண்ணுங்கள். சாப் விழ வேண்டிய இடம் அது. முதல் சில நாட்கள் தலை சுற்றும், பிறகு பழகிவிடும்.

மூன்று தட்டுப் பாட்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே முதல் தட்டு பேஸுக்கு, இரண்டும் மூன்றும் சாப்புக்கு. மன்றோவின் புகழ்பெற்ற ‘புளூ மூன் ஆஃப் கென்டக்கி’ 1946இல் பதிவானபோது மூன்று தட்டு வால்ட்ஸ்தான். 1954இல் எல்விஸ் பிரெஸ்லி அதை வேக நான்கு தட்டில் பாடிய பிறகு, மன்றோ அதே பாட்டைப் பாதி வால்ட்ஸாகவும் பாதி நான்கு தட்டாகவும் மீண்டும் பதிவு செய்தார். வால்ட்ஸ் பாடமே இல்லாத புளூகிராஸ் நூல்கள் நிறைய இருக்கின்றன.

கற்பனையாக வாசிக்கச் சொல்லித்தரும் நூல்களை எப்போது வாங்கலாம்?

பத்துப் பாட்டுகளின் மெட்டைத் தாளைப் பார்க்காமல் வாசிக்க முடிந்த பிறகு. அதற்கு முன் வாங்கினால் லிக் எனப்படும் சிறு துணுக்குகளை மனப்பாடம் செய்து ஒட்டவைப்பதாகவே முடியும். கேட்பவருக்கு எந்தப் பாட்டு என்றே தெரியாது. புளூகிராஸில் தனிச் சுற்று என்பது பாட்டின் மெட்டிலிருந்து கிளைப்பது.

ஸ்கேல் பயிற்சி நூல்? தனியாக வாங்கத் தேவையில்லை. நல்ல தொடக்கநிலைப் பாடத்திலேயே தேவையான அளவு இருக்கும்.

ஒரே நேரத்தில் எத்தனை பாடங்களை வைத்துக்கொள்வது?

ஒரு முதன்மைப் பாடம், கேட்பதற்கு ஒரு கலைஞர், பழகுவதற்கு ஒரு பின்னணிச் செயலி. இதற்கு மேல் வேண்டாம். முதன்மைப் பாடத்தை மூன்று மாதமாவது மாற்றாதீர்கள். ஒரு ஆசிரியர் பிக்கைப் பிடிக்கச் சொல்லும் விதமும் இன்னொருவர் சொல்லும் விதமும் வேறுபடும். இருவரும் சரியே, ஆனால் தொடக்கத்தில் இரண்டையும் கேட்டால் கை எதிலும் நிற்காது. சந்தா வகுப்பில் நூற்றுக்கணக்கான வீடியோக்கள் இருப்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம், வரிசைப்படி போங்கள்.

ஜாம் பழக்கத்தை எந்தப் பாடத்திலிருந்து பெறுவது?

ஜாமிலிருந்துதான். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு, ஹாட் ரைஸ் குழுவின் பாஞ்சோ கலைஞர் பீட் வெர்னிக் உருவாக்கிய வெர்னிக் முறை வகுப்புகள் பல ஊர்களில் நடக்கின்றன. முதல் நாளிலேயே மெதுவான பாட்டுகளோடு குழுவாக உட்கார வைத்துவிடுவார்கள். அடிப்படைக் கார்டுகளை மாற்றத் தெரிந்தால் போதும் என்கிற அளவில் அது தொடங்குகிறது. வாய்ப்பு இருப்பவர்கள் தயங்காமல் சேருங்கள். கிடார் வாசிக்கும் ஒரே ஒரு நண்பர் கிடைத்தாலும் வாரம் ஒரு முறை இரண்டு பாட்டுகளைச் சேர்ந்து வாசியுங்கள்.

கருவிக்குச் செலவழிப்பதா, பாடத்துக்கா?

மன்றோ வாசித்தது கிப்சன் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் லாயிட் லோர் 1923இல் கையெழுத்திட்ட எஃப்-5 மாண்டலின். அந்த உருவத்தின் சுருள் கொம்பு அழகுக்குத்தான். அதே அமைப்பில் கொம்பில்லாமல் வரும் ஏ வடிவம் விலை குறைவு, ஒலி குறைவில்லை. வயலினில் இருப்பது போன்ற எஃப் வடிவத் துளைகள் உள்ளதாக எடுங்கள், சாப்புக்கு அதுவே ஏற்றது. வாங்கியதும் தந்தியின் உயரத்தையும் அதைத் தாங்கும் பாலத்தின் இடத்தையும் தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். உயரமான தந்தியில் எந்தப் பாடமும் பலிக்காது. பிக் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத தடிமனில் இருக்கட்டும்.

பாடத்தில் உள்ளபடியே வாசிக்கிறேன், ஆனாலும் ஒலிப்பதிவோடு பொருந்தவில்லை. ஏன்?

மூன்று இடங்களில் தேடுங்கள். ஒலிப்பதிவின் சுருதி விலகியிருக்கலாம், அதை மென்பொருளில் நகர்த்திப் பாருங்கள். டேப் ஃபிடில் வாசிப்பிலிருந்து எழுதப்பட்டதாக இருக்கலாம், அப்போது மாண்டலின் பதிவோடு அது ஒத்துவராது. மூன்றாவது, கலைஞர் தந்திகளையே வேறு விதமாகச் சுருதி கூட்டியிருக்கலாம். மன்றோ ‘கெட் அப் ஜான்’, ‘மை லாஸ்ட் டேஸ் ஆன் எர்த்’ ஆகிய மெட்டுகளுக்கு அப்படித்தான் செய்தார். இணையின் இரண்டு தந்திகளையும் வெவ்வேறு ஸ்வரத்தில் வைப்பதும் அதில் உண்டு. வழக்கமான சுருதியில் எவ்வளவு முயன்றாலும் அந்த ஒலி வராது. நல்ல பாடமாக இருந்தால் முதல் வரியிலேயே எந்தத் தந்தியை எந்த ஸ்வரத்துக்கு மாற்ற வேண்டும் என்று எழுதியிருப்பார்கள்.